உப்பு, சர்க்கரை, தண்ணீர்: ஓஆர்எஸ் குழந்தையை எப்படிக் காப்பாற்றுகிறது?

தூத்துக்குடி உப்பளத்தில் குவிந்து கிடக்கும் உப்புக்கும், வயிற்றுப்போக்கில் துவளும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு.

ரோட்டா வைரஸ், சிறுகுடலில் உள்ள குடலுறிஞ்சிகளின் நுனிச் செல்களை அழிக்கிறது. உறிஞ்ச ஆளில்லாமல் தண்ணீர் அப்படியே வெளியேறுகிறது. லாக்டேஸ் நொதியும் குறைவதால், சில நாளைக்குப் பால் சரியாகச் செரிக்காது. அதுக்காகத் தாய்ப்பாலை நிறுத்திடாதீங்க.

ஆனால் ஒரு வழி முழுசா அடைபடுவதில்லை. குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாகத்தான் அதற்குள் நுழையும். தண்ணீர் பின்னாலேயே போகும். வெறும் தண்ணீர் போதாது என்பது இதனால்தான். ஒரு லிட்டர் பாக்கெட்டில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்' என்று அதை ஒரு டம்ளரில் கலக்கினால் ஆபத்து. கண் குழிவிழுந்து, குழந்தை சோர்ந்து கிடந்தால் உடனே ஆஸ்பத்திரி.

தமிழ்நாட்டில் 2017 முதல் 6, 10, 14-வது வாரங்களில் ரோட்டா சொட்டு மருந்து இலவசம். அதில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். மரபணுக் கோளாறால் நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும் 'எஸ்சிஐடி' குழந்தைகளுக்கு அது கூடாது. இந்தக் கோளாறு அபூர்வம்தான். ஆனால் சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். முந்தைய குழந்தை கைக்குழந்தையாகவே தொற்றில் இறந்திருந்தால், சொட்டு மருந்துக்கு முன்பே நர்ஸிடம் சொல்லிடுங்க.