கடற்கரையில் ஆடிய பாலா

மேடையில் பிறக்கும் அபிநயம் மேடையிலேயே மறைந்துவிடும். வீணை தனம்மாளின் நாதத்தில் ஒரு சிறு பகுதியையாவது இசைத்தட்டுகள் காத்தன. அவருடைய பேத்தி ஸ்ரீமதி பாலஸரஸ்வதியின் நாட்டியத்தைக் காக்க முன்வந்தவர் வங்காளத்துச் சத்யஜித் ரே. சிறுவயதில் கல்கத்தாவில் அவர் ஆடக் கண்டு வியந்த ரே, 1976-ல் "பாலா" என்னும் படத்தை எடுத்தார்.

1918-ல் பிறந்த பாலா, கந்தப்பப் பிள்ளையிடம் பயின்று, ஏழாம் வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். அவர் பிறந்த குலத்தைச் சமூகம் பழித்த காலம் அது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947-ல் சட்டம் ஒழித்தது. அது ஒழிய வேண்டியதே. ஆயின் அதனோடு கலையையும் எறியத் துணிந்தோர் உண்டு. சிருங்காரத்தை நீக்கிக் கலையைத் 'தூய்மை' செய்ய முற்பட்டோரும் உண்டு. சிருங்காரமே நாட்டியத்தின் உயிர் என்று பாலா உறுதியாய் நின்றார். 1973-ல் சங்கீத வித்வத் சபை அவருக்குச் 'சங்கீத கலாநிதி' விருதளித்தது.

படத்தில் அவர் கடலோரம் நின்று, வியாசராயரின் கன்னடப் பதத்துக்கு அபிநயம் பிடிக்கிறார். காற்று சேலையை அலைக்கழிக்கிறது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஐம்பத்தெட்டு வயது மறைந்து, கண்ணனை அழைக்கும் தாயே தெரிகிறாள்.

1984-ல் பாலா மறைந்தார். நம் வீட்டுப் பெண்கள் இன்று பெருமையுடன் பயிலும் பரதத்தை, பழிசுமந்து காத்தவர் யார்? குழந்தைகளுக்கு இப்படத்தைக் காட்டுங்கள், அறிவார்கள்.