பாரம் பதினாறில் ஒரே ஒரு எழுத்து

டிராயிங்கில் ஒரு டைமென்ஷன் தப்பினால் ஜாப் ரிஜெக்ட் ஆகும் என்பது நமக்குத் தெரியும். சம்பளத்தில் பிடித்த வரியின் பாரத்தில் ஒரு எழுத்து தப்பினால்? நாளை கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ காக்களூருக்கோ வேலைக்குப் போகும் நாம் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆரம்பச் சம்பளத்துக்கு வரி வராது, வாஸ்தவம்தான். ஆனால் எப்போதும் ஆரம்பச் சம்பளத்திலேயே இருக்கப் போகிறோமா என்ன!

1961ஆம் வருடச் சட்டப்படி, கம்பெனி பிடித்த வரிக்குத் தரும் சான்றிதழ்தான் பாரம் 16. (2025இல் இயற்றிய புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல். விஷயம் அதேதான்.) அதில் முக்கியம் பான் நம்பர். மொத்தம் பத்து இடம்: முதலில் ஐந்து எழுத்து, பிறகு நாலு எண், கடைசியில் ஓர் எழுத்து. எழுத்து வரவேண்டிய இடத்தில் சைபரைத் தட்டினால் கம்ப்யூட்டரே பிடித்துவிடும். 6க்கு 8, எம்முக்கு என் என்று அடித்தால் பிடிக்காது. அங்கேதான் வம்பு.

கும்மிடிப்பூண்டியில் ஃபோர்மேனாக இருக்கும் என் சித்தப்பாவுக்கு 2018-19இல் இதுதான் நடந்தது. சம்பளச் சீட்டில் மாதாமாதம் வரி பிடித்திருக்கிறது. ஆனால் வரி வரவைக் காட்டும் 26ஏஎஸ்ஸில் ஒரு பைசா இல்லை. ரிட்டர்ன் போட்டதும், பணம் கட்டு என்று நோட்டீஸ் வந்தது. ஆபீசில் கேட்டால், "இன்கம்டாக்ஸ்காரங்கள போய்ப் பாருங்க" என்றார்கள். அங்கே போனால், "கம்பெனிதான்பா திருத்தணும்" என்றார்கள்.

இரண்டாவது பதில்தான் சரி. கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் 24கியூ கணக்கில்தான் தவறு இருக்கிறது. அதற்குக் கம்பெனியே திருத்தக் கணக்கு போட வேண்டும். பாரத்தில் நாம் பேனாவால் அடித்துத் திருத்தவே கூடாது. திருத்தினால் அது செல்லாக் காகிதம். பான் கார்டு நகல், சம்பளச் சீட்டு வைத்து எழுத்து மூலம் மனு கொடுத்து, நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். வாயால் கேட்டால், "பாக்கலாம் தம்பி" என்பதோடு சரி! சித்தப்பா எழுதிக் கொடுத்த பிறகுதான் அக்கவுண்டன்ட் அசைந்தார். 26ஏஎஸ்ஸில் வரவு ஏறியதும் ரிட்டர்னைத் திருத்தச் சொல்லி மனுப் போட்டார். நோட்டீஸ் தொகை ரத்தானது.

பெயர்ப் பிழைக்கு இவ்வளவு பதற வேண்டாம். வரி வரவு ஏறுவது பான் நம்பரை வைத்துத்தான். நமக்கு இனிஷியல் ஒரு தனித் தொல்லை: பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக வரும், பாஸ்புக்கில் ஒற்றை எழுத்து நிற்கும். ரீஃபண்டு வரும்போது பாங்கில் இடிக்கலாம். இரண்டையும் முன்னாலேயே ஒன்றாக்கிவிடுங்கள்.

பிடித்த வரியை மறுபடியும் தொழிலாளியிடம் கேட்கக் கூடாது என்பது சட்டம். பிடித்ததற்குச் சாட்சி சம்பளச் சீட்டு. அதை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.