தண்ணீரைத் தண்ணீரால் வென்றவர்கள்

கோலார் தங்கவயல் மூடப்பட்ட பிறகு, அங்கு நெடுங்காலம் பணியாற்றிய என் பெரியப்பாவிடம், "உள்ளே இப்போது என்னதான் இருக்கிறது?" என்று கேட்டேன். "தண்ணிதான் இருக்குது. பம்பு நின்னா சுரங்கம் செத்துடும்பா" என்றார். கனிமம் தீரும்போதுதான் சுரங்கத்தின் ஆயுள் முடிகிறது என்று எண்ணியிருந்த எனக்கு அது புதிய பாடம். அவர் சொன்னதன் முழுப்பொருளை, ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியின் வரலாற்றைப் படித்தபோது உணர்ந்தேன்.

வெள்ளியும் ஈயமும் கிடைத்த அந்த மலையில் 16-ஆம் நூற்றாண்டில் சுரங்கத்தொழில் செழித்தது. ஆழம் கூடக்கூட ஊற்றுநீரும் பெருகியது. மனிதர்களும் குதிரைகளும் இறைத்து மாளவில்லை. நியூகோமனின் நீராவி இயந்திரம் இங்கிலாந்தில் இயங்கத் தொடங்கியது 1712-இல்தான். ஹார்ஸ் மக்களிடம் தாராளமாக இருந்தது மலைமேல் பெய்யும் மழை. எனவே, மேலிருந்து விழும் நீரைக்கொண்டே கீழே ஊறும் நீரை இறைக்கத் துணிந்தனர்.

அதன் இயக்கம் எளியது. உயரத்திலிருந்து விழும் நீர் பெரிய மரச்சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தின் அச்சில் உள்ள வளைதண்டு, அச்சுழற்சியை மேலும் கீழுமான அசைவாக மாற்றும். அந்த அசைவை நீண்ட மரத்தண்டுகள் சுரங்கக் குழிக்குள் கொண்டுசெல்லும். உறிஞ்சும் பம்பு ஒன்றினால் ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீரை உயர்த்த இயலாது. காற்றழுத்தம் விதித்த எல்லை அது. ஆகவே, ஒரு பம்பு தூக்கிய நீரைத் தொட்டியில் தேக்கி, அங்கிருந்து அடுத்த பம்பினால் தூக்கினர். இத்தகைய அடுக்குப் பம்புகளை, 1556-இல் வெளியான அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூல் படங்களுடன் விளக்குகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நீரைத் தரைமட்டம்வரை தூக்க வேண்டியதில்லை. மலையின் அடிவாரப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழக் கிடைமட்டமாக ஒரு வடிகால் குகையைக் குடைந்துவிட்டால், அந்த மட்டம்வரை தூக்கினால் போதும். பிறகு நீர் தானாகவே வெளியேறும். சக்கரத்தைச் சுழற்றிய நீரும் அதே வழியில் போய்விடும்.

ஆயினும், மழை பொய்த்தால் சக்கரம் நிற்கும். சக்கரம் நின்றால் சுரங்கம் மூழ்கும். இந்த அச்சமே அம்மக்களை நீர்மேலாண்மையில் வல்லவர்களாக்கியது. காலப்போக்கில் 140-க்கும் மேற்பட்ட குளங்களையும் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீள வாய்க்கால்களையும் அமைத்தனர். ஒரு சக்கரத்தைச் சுழற்றிய நீர் வீணாகாமல் கீழே அடுத்த சக்கரத்துக்குச் சென்றது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஓடர்டைக் அணை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஜெர்மனியின் மிகப்பெரிய அணையாக விளங்கியது. கணிதமேதை லைப்னிட்ஸ்கூட 1680-களில் காற்றாலைகளைக்கொண்டு இச்சுரங்கங்களுக்கு உதவ முயன்று தோற்றார். காற்றைச் சேமிக்க முடியவில்லை. நீரைச் சேமிக்க முடிந்தது.

இன்று அங்கே சுரங்கங்கள் இல்லை. ஆனால் குளங்களும் வாய்க்கால்களும் இருக்கின்றன. அவற்றுட் சில குடிநீர் தருகின்றன. 1910-இல் மூடப்பட்ட சாம்சன் சுரங்கத்தில் பழைய நீர் மின்சாரம் உற்பத்தி செய்கிறது. 2010-இல் இந்த அமைப்பு முழுவதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

கோலாருக்கும் இந்த மரபில் இடமுண்டு. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழி கடந்து தங்கவயலின் இயந்திரங்களை இயக்கியது. மரத்தண்டின் வேலையை மின்கம்பி ஏற்றது. ஆற்றல் தந்தது அதே விழும் நீர்தான். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது, இறைப்பு நின்றது, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த ஆழங்களில் நீர் நிறைந்தது.

கைவிடப்பட்ட சுரங்கத்தில் தேங்கும் நீர் எப்போதும் அமைதியாக இருப்பதில்லை. 1975-இல் தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில், பழைய குடைவுகளில் தேங்கியிருந்த நீர் உடைத்துப் புகுந்து 370-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் உயிரைக் குடித்தது. எனவே, பம்பு நிற்கும் நாளில் அந்த நீர் எங்கே போகும், அதற்கு யார் பொறுப்பு என்னும் வினாக்களுக்கு, சுரங்கத்துக்கு அனுமதி வழங்கும் நாளிலேயே தெளிவான விடை பெறப்பட வேண்டும். ஹார்ஸ் மக்கள் நீருக்கு அஞ்சியதால் அதனை அறிந்துகொண்டார்கள். அந்த அச்சம் நமக்கும் வேண்டும்.