பெயர் பொறித்த வெள்ளிப் பென்னி

ஆங்கிலோ-சாக்சன் கால இங்கிலாந்தின் வெள்ளிப் பென்னி ஏறத்தாழ ஒன்றரை கிராம்தான். ஆனால் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியான பென்னியைப் புரட்டிப் பார்த்தால், வெளியிட்ட மன்னர், அடித்தவர், அடித்த ஊர் என மூன்று பெயர்களும் அதில் இருக்கும்.

எப்போது தொடங்கியது?

7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தடித்த, சிறிய வெள்ளிக் காசுகள் புழங்கின. அடுத்த நூற்றாண்டில் பிராங்கு மன்னர் பெப்பின் அகன்ற, மெல்லிய காசைக் கொண்டுவர, அந்த வடிவம் கடல் தாண்டி வந்தது. ஆங்கிலோ-சாக்சன் அரசுகளுள் ஒன்றான மெர்சியாவை 757 முதல் 796 வரை ஆண்ட ஓஃபா அதைப் பெருமளவில் அடித்துப் பரப்பினார். அவருடைய அரசி கினெத்ரித் பெயரிலும் காசு வந்தது. ஆங்கிலோ-சாக்சன் அரசிகளில் அந்தப் பெருமை அவருக்கு மட்டுமே. 240 பென்னி ஒரு பவுண்டு. இந்தக் கணக்கு பிரிட்டனில் 1971 வரை நீடித்தது. சில்லறை வேண்டுமென்றால் காசையே பாதியாக, காலாக வெட்டிக்கொண்டார்கள்.

கலப்படத்தைத் தடுத்தது எப்படி?

நாடு முழுவதும் ஒரே நாணயம், நகரங்களில் மட்டுமே அடிக்க வேண்டும் என்று மன்னர் ஏதெல்ஸ்தான் சட்டம் இயற்றினார். லண்டனுக்கு 8 பேர், கேன்டர்பரிக்கு 7 பேர், வின்செஸ்டருக்கு 6 பேர் என நாணயம் அடிப்போரின் எண்ணிக்கையையும் வரையறுத்தார். மோசடி செய்தவரின் கையை வெட்டி, நாணயச்சாலையின் மேல் அறைய வேண்டும் என்பது தண்டனை.

973ஆம் ஆண்டையொட்டி மன்னர் எட்கர் ஒருபடி மேலே போனார். எல்லா ஊர்களிலும் ஒரே வடிவம். முன்புறம் மன்னரின் உருவமும் பெயரும், பின்புறம் அடித்தவரின் பெயரும் ஊரும் கட்டாயம். தரம் குறைந்த காசு சிக்கினால் பொறுப்பாளி யாரென்று காசே காட்டிக்கொடுக்கும். பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வடிவத்தை மாற்றி, பழையதைத் திரும்பப் பெற்றுப் புதியதைக் கொடுத்தார்கள். அந்த மாற்றத்தில் அரசுக்கும் வருவாய் கிடைத்தது.

எங்கே போயின?

ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகளின் தாக்குதலைத் தவிர்க்க 991இல் 10,000 பவுண்டு கொடுக்கப்பட்டது. அதாவது 24 லட்சம் பென்னி. அடுத்தடுத்த ஆண்டுகளில் தொகை ஏறிக்கொண்டே போனது. இன்று அக்காலத்து ஆங்கிலேயப் பென்னிகள் இங்கிலாந்தைவிட ஸ்காண்டிநேவியாவில்தான் அதிகம் கிடைத்துள்ளன. 2014இல் பக்கிங்காம்ஷயரின் லென்பரோவிலும் 5,000க்கும் மேற்பட்ட காசுகள் புதையலாகக் கிடைத்தன.

நாணயத்தின் மதிப்பு வெள்ளியால் மட்டும் வந்துவிடவில்லை. அடித்தவரைப் பெயரோடு பொறுப்பாக்கிய நிர்வாகமே அதற்கு நம்பகத்தன்மையைத் தந்தது.