வீடு பார்க்குமுன் ஊர் பாருங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் மட்டாஞ்சேரியில் உள்ள எங்கள் வங்கிக் கிளையில் ஒரு படிவத்திற்குத் தேவை மிகுந்துவிடும். அது முகவரி மாற்றப் படிவம். துறைமுகத்திற்கு மாற்றலாகி வந்த அதிகாரி, கப்பல் கட்டும் தளத்தில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர், மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்த இளம் தம்பதியர் எனப் பலரும் அதைக் கேட்டு வருவார்கள். அவர்களுள் தமிழர்களும் உண்டு. படிவத்தை நிரப்பிக்கொண்டே அவர்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், கொச்சியில் எந்தப் பகுதியில் குடியிருப்பது நல்லது?"

வங்கி அதிகாரியிடம் இதைக் கேட்பது இயல்பே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுவது எங்கள் பணியின் பகுதி. இதுவரை ஆறு ஊர்களில் குடும்பத்துடன் வாழ்ந்திருக்கிறேன். ஆயினும் 2023-ஆம் ஆண்டு கொச்சிக்கு வந்தபோது அந்தக் கேள்விக்கு நானே தவறான விடையைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதற்காக என் குடும்பம் கொடுத்த விலை சிறிதன்று. நம் வாடிக்கையாளர்கள் அதே தவற்றைச் செய்யாதிருக்க உதவுமே என்பதற்காக அதனை இங்கே எழுதுகிறேன்.

ஒரு பெயர், பல ஊர்கள்

கொச்சி என்பது பெயரளவில் ஒரு நகரம். அங்கு வேலைக்கு வருபவர்க்கு அது பல ஊர்கள். துறைமுக அலுவலகங்கள் வில்லிங்டன் தீவில் உள்ளன. சரக்குப் பெட்டக முனையம் வல்லார்பாடத்தில் இருக்கிறது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் கிழக்கே காக்கநாட்டில் அமைந்துள்ளன. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அம்பலமுகளிலும் உரத் தொழிற்சாலை ஏலூரிலும் உள்ளன. இவற்றுக்கிடையே காயல் பரந்து கிடக்கிறது. வரைபடத்தில் விரற்கடை தூரத்தில் தெரியும் இடத்திற்குப் பாலம் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம் ஆகலாம்.

எனக்கு வேலை மட்டாஞ்சேரியில். நான் வீடு பிடித்ததோ காக்கநாட்டில். புதிய அடுக்குமாடிக் கட்டடம், மின்தூக்கி, வாகன நிறுத்துமிடம், அருகிலேயே மகளுக்குப் பள்ளி என எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. மட்டாஞ்சேரியை ஒருநாள் பகலில் சுற்றிப் பார்த்தபோது கண்ணில் பட்டவை குறுகிய தெருக்களும் பழைய கிடங்குகளும் சுமைவண்டிகளும்தான். "இங்கே எப்படிக் குடியிருப்பது?" என்று எண்ணி, அன்று மாலையே காக்கநாட்டு வீட்டிற்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.

இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மெட்ரோ ரயில் ஆலுவாவிலிருந்து திருப்பூணித்துறை நோக்கிச் செல்கிறதே தவிர, மட்டாஞ்சேரி இருக்கும் மேற்குக் கொச்சிக்கு வருவதில்லை. சாலை வழியே போக ஒன்றேகால் மணி, திரும்ப ஒன்றேகால் மணி. மாதம் 24 வேலைநாட்கள் என்று கொண்டால் 60 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால், மாதந்தோறும் ஏழரை நாட்களைச் சாலையிலேயே செலவிட்டேன். கடன் விண்ணப்பங்களில் வட்டியைப் பைசா சுத்தமாகக் கணக்கிடும் நான், இந்தக் கணக்கை முன்பணம் கொடுத்த பிறகுதான் போட்டேன்.

வீட்டில் இருப்பவரை மறந்தேன்

பயணக் களைப்பு என்னோடு போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பாதிக்கப்பட்டவர் என் தாயார். அவருக்கு அப்போது 71 வயது. விருதுநகரில் வாசற்படியில் அமர்ந்தபடியே தெருவில் போவோர் வருவோர் அனைவரிடமும் பேசிப் பழகியவர். தமிழன்றி வேறு மொழி அறியாதவர். என் மனைவி சென்னை நிறுவனம் ஒன்றின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்ப்பவர். பகல் முழுவதும் அறைக்குள் கணினியின் முன் இருந்தாக வேண்டும். மகள் பள்ளிக்குப் போய்விடுவாள். ஒன்பதாவது மாடியில் அடைத்த கதவுகளுக்கு நடுவே அம்மா தனித்திருந்தார்.

ஒருநாள் இரவு எட்டு மணிக்கு நான் வீடு திரும்பியபோது அவர் சொன்னார்: "காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசலப்பா. பேசுறதுக்கு ஆளில்ல."

அந்த ஆண்டு அக்டோபரில் அவர் விருதுநகருக்கே திரும்பிவிட்டார். டிசம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பக்கத்து வீட்டார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். செய்தி கேட்டு இரவு முழுவதும் பயணம் செய்து நான் போய்ச் சேர்ந்தபோது, மாவுக்கட்டுடன் அமர்ந்திருந்த அவர், "நீ ஏன்ப்பா லீவு போட்டு வந்த?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

உடனே வீடு மாறவும் இயலவில்லை. மகள் ஏழாம் வகுப்பின் நடுவில் இருந்தாள். கல்வியாண்டு முடியும்வரை காத்திருந்து, 2024 ஏப்ரலில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சாலைக்கு அருகே தரைத்தளத்தில் ஒரு பழைய வீட்டிற்குக் குடிபெயர்ந்தோம். தவறான ஊரைத் தேர்ந்தெடுத்தால் அதைத் திருத்தக் குறைந்தது ஒரு கல்வியாண்டு ஆகும் என்பதை அவ்வாறு கற்றுக்கொண்டேன்.

வந்தவர்கள் கட்டிய ஊர்

மட்டாஞ்சேரி ஏன் அம்மாவுக்கு ஒத்துப்போயிற்று என்பதை அதன் வரலாறு சொல்லும். 1341-ஆம் ஆண்டு பெரியாற்றில் பெருகிய வெள்ளத்தால் முசிறித் துறை தூர்ந்துபோய்க் கொச்சியின் கழிமுகம் விரிந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. துறைமுகம் இடம் மாறவே, தொழிலும் தொழிலைத் தேடிய மனிதர்களும் இங்கே வந்தனர். 16-ஆம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து கொங்கணியர் வந்தனர். யூதர்கள் 1568-இல் இங்கே கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. குஜராத்தி வணிகர்கள் வந்து குடியேறிய இடம் குஜராத்தி சாலை என்றே பெயர்பெற்றது. டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்கும் பணிக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டதாகச் சொல்லப்படும் மக்களின் வழியினர், அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியின் வேலி பகுதியில் இருக்கும் டோபி கானாவில் இன்றும் அத்தொழிலைச் செய்கின்றனர்.

சில சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் வாழ்கின்றன என்பர். எனவே, புதிதாக வந்தவரை இவ்வூர் வியப்புடன் பார்ப்பதில்லை. அம்மா தமிழில் கேட்க, காய்கறிக் கடைக்காரர் மலையாளத்தில் விடை சொல்வார். கணக்கு இருவருக்கும் புரிந்துவிடும். மாவரைக்கும் ஆலை, மருந்துக் கடை, கோயில் ஆகிய யாவும் பத்து நிமிட நடைக்குள் இருந்தன. இரண்டு மாதங்களில் தெருவில் என்னைவிட அம்மாவை அறிந்தவர்களே மிகுதி.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்தல் முறையன்று. கிணற்று நீரில் உப்பு கலந்திருப்பதால் குழாய் நீரையே நம்பியிருக்க வேண்டும். அது வரும் நேரத்தில் பிடித்துவைக்க ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். கார் நிறுத்த இடமில்லை. பழைய ஓட்டுக் கூரையை மழைக்கு முன் பார்த்துச் செப்பனிட வேண்டும். பெரிய மருத்துவமனை சிலவற்றுக்குப் பாலம் கடந்து போக வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு இக்குறைகள் தாங்கக்கூடியவையாக இருந்தன. காக்கநாட்டில் வேலைபார்க்கும் இளம் தம்பதியர்க்குக் காக்கநாடே நல்ல ஊராக இருக்கலாம். ஊரில் நல்லது கெட்டது என்பது அங்கு வாழப்போகும் குடும்பத்தைப் பொறுத்தது.

முன்பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, நேரம். தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல் மணிக்கணக்கில் அளந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்ப்பதால் பயனில்லை. ஒரு வேலைநாளின் காலையில், நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தப்போகும் பேருந்திலோ படகிலோ போய்வாருங்கள். கொச்சியில் வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் முனையங்கள் திறக்கப்பட்டன. இத்தகைய வசதி ஒன்று வந்தால் எட்டாத பகுதியும் எட்டிவிடும். ஆனால், வரப்போவதாகச் சொல்லப்படும் வசதியை நம்பி வீடு பிடிக்காதீர்கள். இன்று இருப்பதை வைத்தே முடிவெடுங்கள்.

இரண்டாவது, நீர். குடிநீர் எங்கிருந்து, எந்நேரத்தில் வருகிறது என்று கேளுங்கள். மழைநீரும் ஓதநீரும் எதுவரை ஏறும் என்றும் கேளுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியாற்றங்கரையிலுள்ள ஆலுவா மூழ்கியது. நெடும்பாசேரி விமான நிலையம் இரண்டு வார காலம் மூடப்பட்டது. கும்பளங்கி, இடக்கொச்சி போன்ற தாழ்ந்த பகுதிகளில் மழையே இல்லாத நாட்களிலும் கடல் ஓதம் பெருகி வீட்டுக்குள் நீர் நுழைவதுண்டு. மலையாளத்தில் அதனை 'வேலியேற்றம்' என்பர். வீட்டு உரிமையாளரைவிடப் பக்கத்துக் கடைக்காரர் இதற்கு நேரான விடை தருவார்.

மூன்றாவது, பள்ளி. கேரளத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை மலையாளம் கட்டாயப் பாடம். சிறு வகுப்பில் சேரும் குழந்தை எளிதில் கற்றுக்கொள்ளும். பெரிய வகுப்பில் சேரும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்பதைப் பள்ளியில் முன்பே கேட்டறியுங்கள். கேந்திரிய வித்யாலயாவில் சேர்க்க விரும்பும் மாற்றல் பணியாளர்கள், கடந்த ஏழு ஆண்டுகளில் பெற்ற மாற்றல் உத்தரவுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். முன்னுரிமை அவற்றின் எண்ணிக்கையைக் கருதியே அமைகிறது.

நான்காவது, பகல் முழுவதும் வீட்டில் இருக்கப்போகிறவர். வேலைக்குப் போகிறவர் ஊரில் விழித்திருக்கும் நேரம் குறைவு. ஊரோடு வாழ்பவர் வீட்டில் இருப்பவரே. ஆகவே, வீடு பார்க்கச் செல்லும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் தனியே நடந்து கடைக்குப் போய், வேண்டியதை வாங்கித் திரும்ப முடிகிறதா என்று பாருங்கள். நான் முதலில் செய்யத் தவறியது இதுவே.

சொந்த வீட்டுக்கு அவசரம் வேண்டாம்

புதிய ஊரில் முதல் ஆண்டிலேயே சொந்த வீடு வாங்க எண்ணுவோர்க்கு மரடு ஒரு பாடம். கொச்சியை ஒட்டிய அவ்வூரில் காயல் கரையில் உள்ளாட்சி அனுமதியுடன் எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள், கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாட்களில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது உண்மை. எனினும் இழந்தது வீடு அல்லவா? ஓராண்டு வாடகைக்குக் குடியிருந்து ஊரை அறிந்த பின் வாங்குங்கள். பத்திரங்களோடு, இடம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்பதையும் வழக்கறிஞர் வழியே சரிபாருங்கள்.

இனி வங்கி தொடர்பான சில குறிப்புகள். ஊர் மாறியதற்காகக் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. முகவரி மட்டும் மாறியிருப்பின் சுய அறிவிப்பு அளித்தால் போதும். அதனை இரண்டு மாதங்களுக்குள் வங்கி சரிபார்க்கும். பாதுகாப்புப் பெட்டகம் மட்டும் கிளையோடு இணைந்தது என்பதால் அதுபற்றிப் புறப்படுமுன் முடிவெடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தல் வேண்டும். வாடகைப்படிக்கான வரிவிலக்கு பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்போர்க்கே உரியது. ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண் தேவைப்படும். வேறு மாநில வாகனம் 12 மாதங்களுக்கு மேல் தங்கினால் புதிய பதிவெண் பெற வேண்டும். பழைய பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்றை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மே மாதத்தோடு கொச்சியில் எனக்கு மூன்றாண்டு நிறைகிறது. அடுத்த மாற்றல் உத்தரவு எந்நாளும் வரலாம். சென்ற வாரம் அதைப்பற்றி வீட்டில் பேச்செழுந்தபோது, மகள் புதிய பள்ளியைப் பற்றிக் கேட்டாள். மனைவி இணைய இணைப்பைப் பற்றிக் கேட்டார். அம்மா மட்டும் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்: "எந்த ஊரா இருந்தாலும் சரிப்பா. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி என்னை ஒருதடவை கூட்டிட்டுப் போய்க் காட்டு."

இம்முறை அவ்வாறே செய்வதாக உறுதி கூறியிருக்கிறேன்.