நீரை வடித்ததும் விடுபடும் காட்மியம்

ஜப்பானின் தொயாமா சமவெளியில் ஜின்சூ ஆற்று நீரைப் பாய்ச்சி நெல் விளைவித்த ஊர்களில், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், நடுவயது கடந்த பெண்கள் பலருக்கு எலும்புகள் முறிந்துகொண்டே இருந்தன. சிலருக்கு இருமினாலே விலா எலும்பு முறிந்தது. ஆற்றின் மேற்பகுதியிலிருந்த கமியோகா சுரங்கத்தில் துத்தநாகம் வெட்டினார்கள். துத்தநாகத் தாதுவோடு கலந்தே கிடக்கும் காட்மியம் ஆற்றில் இறங்கி, வயலில் படிந்து, சோறு வழியாக அவர்களின் சிறுநீரகத்தில் சேர்ந்து, அதைக் கெடுத்து, அதனால் எலும்புகளையும் நலிவித்திருந்தது. ‘இட்டாய் இட்டாய்’ என்ற இந்த நோய் மாசினால் வந்ததே என்று 1968இல் ஜப்பானிய அரசு ஏற்றுக்கொண்டது. உலோகம் மக்கி அழிவதில்லை. ஆகவே கெட்ட மண்ணைக் கீழே புதைத்து, மேலே நல்ல மண் பரப்பி வயல்களை மீட்டார்கள். 1979இல் தொடங்கிய அந்த வேலை 2012 வரை நீண்டது.

மண்ணில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று அளந்தால் மட்டும், சோற்றில் எவ்வளவு வரும் என்று சொல்லிவிட முடியாது. வேர் மண்ணைத் தின்பதில்லை; மண் துகள்களுக்கு இடையிலுள்ள நீரில் கரைந்திருப்பதைத்தான் உறிஞ்சுகிறது. ஈயம் மட்கோடும் களிமண்ணோடும் இறுகப் பிணைந்து பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். காட்மியத்தின் பிடிப்பு தளர்வானது. அமிலத்தன்மை கூடினால், களிமண்ணில் அது ஒட்டியிருந்த இடங்களை ஹைட்ரஜன் அயனிகள் பிடித்துக்கொள்ள, காட்மியம் நீருக்குள் வந்துவிடும். மாசுபட்ட நிலத்துக்குச் சுண்ணாம்பு இடச் சொல்வது இதனால்தான்.

நெல்வயலில் நடப்பது இன்னும் நுட்பமானது. தண்ணீர் தேங்கிய மண்ணுக்குள் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகும். அதன்பின் அங்குள்ள நுண்ணுயிரிகள் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, கடைசியில் சல்பேட் எனக் கிடைத்ததைக் கொண்டு சுவாசிக்கின்றன. சல்பேட் சல்பைடாக மாறி, காட்மியத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது. நஞ்சு அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் செடிக்கு எட்டவில்லை. கதிர் முற்றும் நேரத்தில் உழவர் அறுப்புக்காகத் தண்ணீரை வடிக்கிறார். மண்ணுக்குள் காற்று புகுகிறது, சல்பைடு மீண்டும் சல்பேட்டாகிறது, கட்டுண்டிருந்த காட்மியம் விடுபடுகிறது. அதுவும் மணி திரளும் நாட்களில்! வேதியியலும் வேளாண் நாட்காட்டியும் இப்படிக் கொடுமையாக ஒத்துப்போகும் இடம் வேறு உண்டா என்று வியக்கத் தோன்றுகிறது.

காட்மியம் நெல்லுக்கு எதற்கும் பயன்படாது. மாங்கனீசை எடுத்துக்கொள்ள வேரில் இருக்கும் ஒரு புரதம், ஆள் அடையாளம் தெரியாமல் இதையும் உள்ளே விட்டுவிடுகிறது. கோஷிஹிகாரி என்ற நெல் ரகத்தில் கார்பன் அயனிக் கற்றையைப் பாய்ச்சி, அந்தப் புரதத்தின் மரபணு பழுதான செடிகளைக் கண்டெடுத்ததாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் அறிவித்தார்கள். மாசுபட்ட வயலில் வளர்ந்தும் அவற்றின் அரிசியில் காட்மியம் ஏறக்குறைய இல்லை.

வயலில் எப்போதும் தண்ணீரைத் தேக்கியே வைத்தால் என்ன? அங்கே ஆர்சனிக் குறுக்கிடுகிறது. அது காட்மியத்துக்கு நேர் எதிர். இரும்பு ஆக்சைடுகளில் ஒட்டிக் கிடக்கும் ஆர்சனிக், ஆக்சிஜன் தீர்ந்து இரும்பு கரையும்போது ஆர்சனைட்டாக வெளிவருகிறது. நெல் சிலிக்கானை ஏராளமாக உறிஞ்சும் பயிர். அதே வழியாக ஆர்சனைட்டும் ஏறிவிடுகிறது. ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரை இறைத்து நெல் பயிரிடும் வங்கதேசத்துக்கு இது அன்றாடக் கவலை.

நம் ஊரில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் பயிரிடுவது தண்ணீரை மிச்சப்படுத்துகிறது, மீத்தேனையும் ஆர்சனிக்கையும் குறைக்கிறது. நல்ல முறைதான். ஆனால் காட்மியம் படிந்த நிலத்தில் அதே முறை அரிசியில் காட்மியத்தைக் கூட்டக்கூடும். எனவே ஆலைக் கழிவு கலந்த வாய்க்கால் நீரைப் பாய்ச்சுகிறவர்கள் தழை, மணி, சாம்பல் சத்துகளோடு மண் பரிசோதனையை நிறுத்திவிட வேண்டாம். மண்ணின் அமிலத்தன்மையையும், செடிக்கு எட்டும் நிலையிலுள்ள உலோக அளவையும் கேளுங்கள். விளைந்த அரிசியையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.