மாத்திரை சாப்பிட்டாலும் இரத்தப் பரிசோதனையை ஏன் விடக்கூடாது?

"உடம்பு நன்றாக இருக்கிறது, இரத்த அணுக்களும் சரியாகிவிட்டன. பிறகு ஏன் ஒருநாள் சம்பளத்தை விட்டு மலாக்கா டவுனுக்குப் போகவேண்டும்?" சி.எம்.எல். எனும் இரத்தப் புற்றுநோய்க்கு இமாத்தினிப் மாத்திரை சாப்பிடும் ஜாசின், அலோர் காஜா தோட்டத்து மக்கள் இப்படிக் கேட்டால் அதில் நியாயம் உண்டு.

இந்நோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் உடைந்து துண்டுகள் இடம் மாறுகின்றன. ரப்பர் கன்றில் ஒட்டுக் கட்டுவதுபோல இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்ள, வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இது கண்டறியப்பட்டதால், மாறிய குரோமோசோமுக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்தது.

'ஃபிஷ்' சோதனையில் ஒரு மரபணு சிவப்பாகவும் மற்றது பச்சையாகவும் ஒளிரும். ஒட்டிய இடம் மஞ்சளாகத் தெரியும். ஆனால் சில நூறு அணுக்களைத்தான் எண்ண முடியும். 'பிசிஆர்' சோதனை அந்த ஒட்டின் தடயத்தைப் பல மடங்கு படியெடுப்பதால், ஒரு லட்சம் அணுக்களில் ஒன்று இருந்தாலும் பிடித்துவிடும். (அறிக்கையில் 'பிசிஆர்-ஏபிஎல்' என்பது மரபணுவின் பெயர். தமிழில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், குழம்ப வேண்டாம்.)

அளவு 0.1 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது. ஏறினால், மாத்திரை தவறியிருக்கலாம், அல்லது நோய் மருந்துக்கு அடங்காமல் போயிருக்கலாம். சாதாரண இரத்தச் சோதனையில் தெரிவதற்கு முன்பே இது காட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச்சொல்வது அதற்குத்தான். அன்று போக முடியாவிட்டால் போன் செய்து தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.